ஒன்பது துணித்துண்டுகள்

பெருக்கிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. நானே எழுந்து, நானே சீமாற்றை எடுத்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்சுவர் வரைக்கும் ஒரு சருகு விடாமல் தள்ளி, வாளியில் மொண்டு தண்ணீரும் தெளித்துவிட்டேன். மணி ஆறேகால். மண், எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி கோடு கோடாகப் படிந்து கிடக்கிறது, மூலையில் முழங்கால் உயரத்துக்குக் குப்பை. தண்ணீர் இறங்கி மண்வாசனை மேலே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கோகிலவாணி, என்னடி செய்து வைத்திருக்கிறாய்? மூன்று வருஷமாக வீட்டுக்குப் பின்னால் இந்தப் பொடக்காலிக்குள் சீமாறு வராமல் காவல் இருந்தவள் நீதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் இவர் பெருக்கப் போனபோது சீமாற்றைப் பிடுங்கி ஒளித்து வைத்து, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நீதானே. சருகுக்கு அடியில் உயிர் இருக்கிறது, காய்ந்த தண்டில் உயிர் இருக்கிறது, தொடாதீர்கள் என்று கட்டிய புருஷனுக்கே வகுப்பு எடுத்தவளும் நீதான். நேற்றுச் சாயங்காலம், எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரர் நாச்சிமுத்து போனில் சொன்னது இவ்வளவுதான்: காலை ஒன்பது மணிக்கு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வருகிறார், பின்னால் முழுக்கச் சிமெண்டுத் தளம் போட்டுவிடலாம், ஆடி பிறக்க நாலு நாள்தான் இருக்கிறது, அதற்குள் வேலையைத் தொட்டுவிட்டால் நல்லது. சரிங்க என்றேன். இருபத்திரண்டு வருஷமாக வீட்டுக்காரர்களிடம் நான் சொல்லத் தெரிந்துகொண்ட ஒரே வார்த்தை. அவரிடம் என்ன பேசலாம், எப்படி ஆரம்பிக்கலாம் என்று காலையில் எழுந்து யோசித்திருக்க வேண்டும். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றதும் கை தன் போக்கில் போய்ச் சீமாற்றை எடுத்துவிட்டது. வெட்கம்தான், வேறென்ன. குப்பையாக வைத்திருக்கிறாளே என்று ஒரு மனிதர் நினைத்துவிடக் கூடாதே என்ற வெட்கம். சிமெண்டு போட வருகிறவருக்கு மண்ணைக் கூட்டிப் பெருக்கித் தயாராக வைத்துக் கொடுக்கிற பைத்தியம் தாராபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அழுது பிரயோஜனம் இல்லை. முக்காலியைக் குப்பைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு பிடியாக அள்ளி முறத்தில் போட்டு, விரலால் கலைத்து, பார்த்து, இந்தப் பக்கம் தள்ள வேண்டியது. அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான், என்ன, இங்கே கல்லுக்குத்தான் மதிப்பு. முதல் பிடியிலேயே நீலத் துணித்துண்டு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தபோது வெட்டி மிஞ்சியது. அடுத்தது காக்கி. அப்புறம் சிவப்புப் பூப்போட்ட வாயில் துணி. ஒன்பதும் கிடைத்துவிடும், துணி எங்கே போகும். ஒன்பது துணி, ஒன்பது காய்ந்த தண்டு, ஒவ்வொரு தண்டுக்கும் கீழே ஒரு செங்காந்தள் கிழங்கு. செங்காந்தள் என்றால் இந்த ஊரில் முழிப்பார்கள், கண்வலிக்கிழங்கு என்றால்தான் தெரியும். ஐப்பசியில் வந்து பார்க்க வேண்டும், கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாக இதழெல்லாம் மேல்நோக்கி முறுக்கிக்கொண்டு, அடுப்பு நன்றாகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். தை பிறந்தால் இலை பழுத்துக் கொடி காய்ந்து மேலே பச்சையாக ஒன்றுமே மிஞ்சாது. முதல் வருஷம், மறுபடி வரும் என்று கேட்டிருந்தும் நம்பாமல், செத்துவிட்டது என்று நினைத்து ஒரு கிழங்கின் மேல் துவைக்கிற கல்லையே போட்டுவிட்டேன். ஆடியில் அது கல்லுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணை விரித்துக்கொண்டு மூக்கை நீட்டியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அதற்குப் பிறகுதான் காய்கிற தண்டை வெட்டாமல், இடம் தெரிய வேண்டுமே என்று அடியில் துணி கட்டி வைக்க ஆரம்பித்தேன். இப்போது துணி என் மடியில் இருக்கிறது. இடம்? நீலம் தொட்டிக்குப் பக்கமா, செம்முள்ளிச் செடிக்குப் பக்கமா? காக்கி சுவரோரம் என்று ஞாபகம், சுவரோரம் என்றால் எந்தச் சுவர்? பெருக்கின மண்ணைப் பார்க்கிறேன், அது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அவரிடம் என்னத்தைக் காட்டுவேன்? ஐயா, இங்கே ஒன்பது செடி இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியாது, எங்கே என்று எனக்கும் தெரியாது, ஆனால் இருக்கிறது. நானே வீட்டுக்காரராக இருந்தால் இப்படிச் சொல்கிறவளைக் காலி பண்ணச் சொல்லிவிடுவேன்.

துணியை விடு. அவசரம் மற்றது. பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு நாலு. நேற்று மத்தியானம் எண்ணினேன், காய்ந்த தண்டுகளில் நாலு ஒட்டிக்கொண்டிருந்தன. தொட்டிக்குப் பின்னால் ஆடுதின்னாப்பாளை படர்ந்திருக்கிறதே, தரையோடு தரையாக, அதன் கசப்பைத் தின்று வளர்ந்தவை. புழுவாக இருக்கும்போது ஒயின் நிறத்தில் உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, பார்த்தால் கொஞ்சுகிற மாதிரியா இருக்கும், அருவருப்பாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுச் சுசீலா பார்த்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவாள். அது இலையைத் தின்று முடித்து, நடந்து போய் ஒரு காய்ந்த தண்டைப் பிடித்து, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு நூல் கட்டிக்கொண்டு சாய்ந்துவிடும். அந்த நூலைப் பார்த்த அன்றுதான் நான் அதற்கு அடிமையானேன். முப்பது வருஷமாக நூல் பிடிக்கிற கை இது, இவ்வளவு மெல்லிய நூலில் இவ்வளவு பாரத்தை நான் கட்டியதில்லை. சுருண்ட சருகு மாதிரியே இருக்கும், அதுதான் இப்போது என் தலைவலி. சருகுக் குவியலுக்குள் சருகு மாதிரி இருக்கிற நாலைத் தேட வேண்டும். இது? இல்லை, கொய்யா இலை. இது? நாயுருவி. விரலெல்லாம் நாயுருவி, முந்தானையெல்லாம் நாயுருவி, நாளைக்கு வகுப்பில் ஏதாவது ஒரு குறும்புக்காரி டீச்சர் காட்டுக்குப் போய் வந்தீங்களா என்று கேட்கப் போகிறாள். இது... கனமாக இருக்கிறது. சருகுக்குக் கனம் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையில் வைத்தேன். மெதுவாக ஒரு நெளிவு. அம்மாடி. என்னைப் பெற்றவளே. பாதித் தண்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, இடுப்பு நூல்கூட அறுபடவில்லை. உள்ளே ஓடிப் போய்ப் பெட்டியிலிருந்து தையல் நூல் எடுத்து வந்து, அந்தத் துண்டுத் தண்டைச் செம்முள்ளியின் கிளையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். நூல் கட்டினவளே, உன் மேல் நானும் ஒரு நூல் கட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டாவது ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது, ஆனால் கனம் இல்லை. முதுகில் பிளவு, உள்ளே வெறும் கூடு. மிதித்தேனா? திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிளவு ஒழுங்காக இருக்கிறது, கத்தரியால் வெட்டியது போல. இது நேற்றோ இன்று விடியற்காலையோ தானே திறந்துகொண்டு போனது. போயிருக்க வேண்டும். போயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இந்த அளவு நம்பிக்கை வைத்துக்கொள்ள உரிமை உண்டு.

காற்று ஏறுகிறது. இந்த ஊர்க் காற்று ஆனி பாதியிலேயே ஆடிக்கு ஒத்திகை பார்க்கும். குவியலின் மேல் கிழிந்த கோணியைப் போட்டு, ஒரு செங்கல்லும் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். எத்தனை வீடு? கரூரில் இரண்டு, காங்கயத்தில் ஒன்று, வெள்ளகோவிலில் அந்த மாடி வீடு, அப்புறம் மூலனூர், அப்புறம் இது. இவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை, மாற்றல் வந்தால் போக வேண்டியது. நான் போகிற ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் இல்லையோ அங்கே டீச்சர். எல்லா வீட்டிலும் ஏதாவது நட்டேன். காசித்தும்பை, துலுக்கச் சாமந்தி, கோழிக்கொண்டை, தக்காளி. ஒன்றைக் கவனித்திருக்கிறாயா வாணி, எல்லாமே ஆறு மாசத்தில் பூத்துக் காய்த்து முடிந்துவிடுகிற ஜாதி. யோசித்து நட்டதில்லை. கை நட்டது. அடுத்த வருஷம் யார் எங்கே என்று தெரியாதவளின் கை அப்படித்தான் விதை பொறுக்கும். சுவரில் ஆணி அடிக்க மாட்டேன், காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டுவேன். வெள்ளகோவில் மாடியில் ஒரு தொட்டியில் மல்லிகைப் பதியன் வைத்தேன், முதல் மொட்டு விட்ட வாரத்தில் வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சரிங்க என்று சொல்லித் தொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். லாரியில் இடம் இருந்தது. இருந்தும் வைத்துவிட்டு வந்தேன். ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. இங்கே வந்த வருஷம், பள்ளிக்கூடம் போகிற வழியில் சாலை அகலப்படுத்த ஒரு பழைய கிளுவை வேலியை மெஷின் வைத்து வழித்துக்கொண்டிருந்தார்கள். மண்ணோடு மண்ணாகக் கிழங்குகள் புரண்டு கிடந்தன, கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்து. பஸ்ஸை விட்டு இறங்கி, தையல் பெட்டி வைக்கிற பையில் ஒன்பதைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டேன். ஆடுதின்னாப்பாளையும் அதே வேலியடிதான், செம்முள்ளியும் அதே வேலிதான். விஷ்ணுகிராந்தி மட்டும் தானாக வந்தது, சட்டைப் பட்டன் அளவுக்கு நீலப் பூ, காலையில் விரிந்து மத்தியானம் மூடிக்கொள்ளும். நட்டு முடித்து ஒரு மாசம் கழித்துத்தான் யாரோ சொன்னார்கள், இதெல்லாம் ஒரு வருஷத்துச் செடி இல்லை, வருஷா வருஷம் வரும் என்று. அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் கேட்காமல் இந்த வீட்டில் தங்கிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

இவர் காபி டம்ளரோடு கதவில் வந்து நின்றார். பெருக்கிய மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிவப்பிரகாசம் என்ற மனிதரிடம் எனக்குப் பிடித்த குணமே, சொல்லிக்காட்ட நல்ல சந்தர்ப்பம் வாய்த்தாலும் சொல்லிக்காட்ட மாட்டார். காபியைக் கொடுத்துவிட்டுத் தானும் குத்தவைத்து உட்கார்ந்து, எது மாதிரி இருக்கும் என்று கேட்டுக்கொண்டு, சருகைக் கலைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, சருகைப் பார்த்தபடியே, பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோய்க் கொடுத்தபோது வீட்டுக்காரரிடம் ஒரு பேச்சு சொல்லிவிட்டதாகச் சொன்னார். எப்படியும் அடுத்த வருஷம் மாற்றல் வந்துவிடும், எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணிக்கொடுத்துவிடுவோம் என்று. மாற்றல் வருகிறதா என்று கேட்டேன். இல்லை, ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம்தான், இனிமேல் யார் மாற்றப் போகிறார்கள் என்றார். பின்னே ஏன் சொன்னீர்கள்? பழக்கம் வாணி, என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் நாக்குக்கு அந்தப் பழக்கம், என் கைக்குச் சீமாறு. போகச் சொல்வதற்குள் போகிறோம் என்று சொல்லிவிட்டால் கௌரவம். குப்பை என்று சொல்வதற்குள் பெருக்கிவிட்டால் கௌரவம். இந்தக் கௌரவத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறோம். சுவருக்கு மேலே சுசீலாவின் தலை தெரிந்தது. இப்பத்தான் பார்க்க வீடு மாதிரி இருக்கிறது என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனாள். பாம்பு வரும் பாம்பு வரும் என்று வீட்டுக்காரர் காதில் ஓதியது அவள்தான், ஆனாலும் அந்தப் பாராட்டு ஒரு நொடி எனக்கு இனித்தது, அதை ஒளிப்பானேன். மணி எட்டு. ஒன்பது துணியும் வந்துவிட்டது. கூட்டுப்புழு இன்னும் இரண்டு. சீமாற்றை எடுத்துத் தள்ளி வைக்கப் போன இவர் அப்படியே நின்றுவிட்டார். ஈர்க்குகளுக்கு நடுவில், கட்டின கயிற்றுக்கு ஒரு விரல் கீழே, மூன்றாவது சொருகிக்கொண்டு இருந்தது. நான் எந்தச் சீமாற்றால் தள்ளினேனோ அதிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. தொட்டேன், நெளிந்தது. இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டோம். அதை எடுக்க முயன்றால் நசுங்கும், அதனால் சீமாற்றையே தலைகீழாகத் திருப்பிச் செம்முள்ளிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தோம். இனி அது பறக்கிற வரைக்கும் இந்த வீட்டில் பெருக்குவதற்குச் சீமாறு கிடையாது. நாலாவது மட்டும் அகப்படவில்லை. கோணியை உதறினேன், முறத்தைத் தட்டினேன், என் கொண்டைக்குள்கூட விரல் விட்டுப் பார்த்தேன்.

ஆடி பிறந்துவிட்டால் போதும், இதுதான் என் கணக்கு. நாச்சிமுத்து நல்ல நேரம் பார்க்காமல் குழாய்க்கு வாஷர்கூட மாற்ற மாட்டார். ஆடியில் புது வேலையைத் தொட அவருக்குக் கை வராது. இந்த நாலு நாளைக் கடத்திவிட்டால் ஒரு மாசம் கிடைக்கும், அந்த ஒரு மாசத்தில் ஒன்பதும் மண்ணுக்கு மேலே வந்துவிடும், பிறகு கண் இருக்கிற யாருக்கும் காட்டலாம். மேஸ்திரிக்குக் காய்ச்சல் வரட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன், பிறகு பிள்ளைகுட்டிக்காரன் என்று திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒன்பதடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வெள்ளை வேட்டியில் அவர், கையில் குடையோடு அவர் வீட்டம்மா ருக்குமணி, பின்னால், அளந்து குறிக்க நூல்கண்டும் நாலு இரும்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு குப்புராஜ் மேஸ்திரி, காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லாமல். பொடக்காலி வாசலில் நின்று நாச்சிமுத்து பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஏனுங்க டீச்சர், இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கறீங்க. பக்கத்து வீட்டம்மா என்னமோ காடு மண்டிக் கெடக்குதுன்னு சொல்லுச்சு. இப்படி இருந்தா எதுக்குங்க சிமெண்டு? இப்படியே பெருக்கி வெச்சுக்கங்க, போதும்" என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குப்புராஜ் நூல்கண்டைத் தரையில் வைத்துவிட்டான். பிழைத்தாயிற்று. சரிங்க என்ற ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் வந்தும்விட்டது, இருபத்திரண்டு வருஷமாக வழி தெரிந்த வார்த்தை, அதைக் கூப்பிட வேண்டியதே இல்லை. சரிங்க என்று சொன்னால் சிமெண்டு கிடையாது. சரிங்க என்று சொன்னால் ஆவணியில் அவர் வந்து பார்ப்பார், இடுப்பளவு கொடி, ஆடுதின்னாப்பாளை, நாயுருவி, கால் வைக்க இடம் இருக்காது. ஏமாற்றிவிட்டாளே என்று நினைப்பார். அப்போது சிமெண்டு மட்டும் இல்லை, வீட்டையும் காலி பண்ணச் சொல்வார். அல்லது அவருக்குப் பயந்து தினமும் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், மூக்கை நீட்டுகிற ஒவ்வொன்றையும். மல்லிகைத் தொட்டி ஞாபகம் வந்தது. லாரியில் இடம் இருந்தது.

"இல்லீங்கய்யா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இது இப்படியே இருக்காதுங்க. இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு வெக்கத்துல பெருக்கிப்போட்டேன். தப்புப் பண்ணிட்டனுங்க. அடியில ஒம்போது கண்வலிக்கெழங்கு இருக்குது. ஆடியில எல்லாம் மேல வந்துரும். அந்தம்மா சொன்ன மாதிரி காடாத்தான் இருக்கும். எனக்கு அது வேணுமுங்க." சொல்லிவிட்டேன். மடியில் இருந்த துணித்துண்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கே இருக்கிறது என்று நாச்சிமுத்து கேட்டார். தெரியவில்லை என்றேன், அடையாளத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டேன். எதிர்பார்த்தபடி குப்புராஜ் சிரித்தான், ஆனால் சிரித்துக்கொண்டே இரண்டு அடி பின்னால் போய் வாசல்படியில் ஏறி நின்றுகொண்டான். அவன் மாமனார் தோட்டத்தில் கம்பிப் பந்தல் போட்டு அதைத்தான் விதைக்காக வளர்க்கிறார்களாம். "இந்த மாசம் அதும்மேல நடக்கப்படாதுங்கய்யா. மூக்கு மேல வந்துட்டிருக்கும். கம்பி எறக்குனா மூக்கு ஒடிஞ்சு போயிரும், அப்பறம் அந்த வருசத்துக்கு வராது" என்று அவரிடம் சொன்னான். நான் காய்ச்சல் வரச் சொல்லி வேண்டிக்கொண்ட மனிதன். ருக்குமணியம்மா அது விஷக்கிழங்கு ஆயிற்றே என்றார், தின்றால்தானுங்க என்றேன். பாம்பு பார்த்திருக்கிறாயா, உண்மையைச் சொல் என்றார். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு சாரை, அதுவும் இங்கே தங்காமல் சுசீலா வீட்டுக் கோழிக்கூண்டைத் தேடித்தான் போயிற்று என்றேன். ருக்குமணியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க அடுத்த வருசம் காலி பண்றதாச் சொன்னீங்கல்ல? அடுத்து வர்றவங்களுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னுதான் நான் சிமெண்டுப் பேச்சே எடுத்தேன். இந்தச் செடி வருசா வருசம் வருமுங்களா?" வரும் என்று இவர் சொன்னார். "அப்ப நீங்க?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

யாரும் எங்களிடம் இப்படிக் கேட்டதில்லை. எப்போது போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள், அதைக்கூடக் கேட்க வைக்காமல் நாங்களே சொல்லிவிடுவோம். இவர் வாயைத் திறந்தார், பழக்கம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். இவர் பெருக்கின மண்ணைப் பார்த்தார், தலைகீழாக நிற்கிற சீமாற்றைப் பார்த்தார். "இருக்கறமுங்க" என்றார். அவ்வளவுதான். நாச்சிமுத்து தலையை ஆட்டினார், பெரிய விஷயம் ஒன்றும் நடக்காதது போல. ஆவணியில் வந்து பார்க்கிறேன், பக்கத்து வீட்டம்மாவின் சுவரோரம் மட்டும் ரெண்டடி விட்டுவிடுங்கள், அவள் வாயை மூட வேண்டுமல்லவா என்று சொல்லிவிட்டு நடந்தார். சரிங்க என்றேன், இந்தத் தடவை அது வேறு வார்த்தை மாதிரி இருந்தது. அவர்கள் போன பிறகு ஒன்பது துணியையும் மடித்துத் தையல் பெட்டியில் போட்டேன். கோணியை எடுத்து, குவியலை அள்ளி அள்ளி மண்ணின் மேல் திரும்பப் போட ஆரம்பித்தேன், கொய்யா இலை, வேப்பஞ்சருகு, ஒடிந்த தண்டு, எல்லாவற்றையும், நாலாவது கூட்டுப்புழு அதற்குள் எங்கேயாவது இருக்கும் என்று மெதுவாக, விதைக்கிற மாதிரி. காற்றும் தன் பங்குக்கு வாரி இறைத்தது. சுவருக்கு மேலே சுசீலாவின் தலை வந்தது. பெருக்கிய இடத்தில் ஒருத்தி பட்டப்பகலில் குப்பை போடுவதைப் பார்த்து அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். இன்னும் அந்தக் கோடிக்குப் போட வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிப் படியில் வைத்தேன். ஒன்பதும் எங்கே என்று தெரியாது, அதனால் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து நடந்தேன்.